பின்னறை விமானம்

ஜனவரி 11

அன்புள்ள மருமகளுக்கு,

நான் சுகம். மூட்டுவலி மட்டும் எனக்கு முன்னால் எழுந்து, எனக்குப் பின்னால் தூங்குகிறது. நீயும் என் பேத்தி வாலுக்குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? மருந்து கவுன்டரில் நாள் முழுக்க நின்று உன் கால் வீங்குகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். குறைந்ததா?

போனில் நீ தொண்டை கிழியக் கத்த, நான் இங்கே "என்னது? என்னது?" என்று கேட்க, மாடிக்காரர்கள் எட்டிப் பார்க்க, அந்தக் கூத்து வேண்டாம் என்றுதான் கடிதம். முப்பது வருஷம் பஸ் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காது இது. இடி, நாய், லாரி எல்லாம் நன்றாகவே கேட்கிறது. போனில் வரும் மனுஷக் குரல்தான் குழைந்துபோகிறது. மெசேஜ் அனுப்பலாமே என்பாய். இரண்டு வரியில் முடிகிற பேச்சு இல்லை இது.

என் பிள்ளையின் பின்னறையைத் திறந்துவிட்டேன். திரை, கைப்பிடி, நாற்காலி எல்லாம் அவன் விட்டுப்போன மாதிரியே இருக்கின்றன. லீவில் வந்தால் சாப்பாடு கூட மறந்து உட்கார்ந்து ஓட்டுவானே, அந்தக் கம்ப்யூட்டர் விமானம். தூசி தட்டி ஸ்விட்சைப் போட்டேன். திரையில் வானம் வந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அவன் விமானம் விழுந்ததைப் பற்றிய விசாரணை அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன்.

"எச்சரிக்கை ஹாரன் ஒலித்துக்கொண்டிருந்தபோதும் விமானி அதைப் பொருட்படுத்தாமல் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் உரையாடியது கவனக்குறைவு." வீட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவன் அவன். அவனா கவனக்குறைவு? துக்கம் கேட்க வந்த அவன் சிநேகிதன் சொன்னதை நீயும் கேட்டாய். புதிதாகச் சேருகிற விமானிகளுக்கு விமானி அறையின் அந்த ஒலிப்பதிவை வகுப்பில் போட்டுக் காட்டுகிறார்களாம், எப்படி ஓட்டக் கூடாது என்பதற்கு. செத்தவன் குரலைக் கேட்டுப் பையன்கள் சிரிக்கிறார்களாம்.

ஆகஸ்ட் முதல் தேதி வரை மறுவிசாரணைக்கு மனு போடலாம் என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணீரை மட்டும் வைத்து மனு எழுதினால் யார் மதிப்பார்கள்? அதே விமானத்தை, அவன் விழுந்த அதே வளைவில், நானே ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதப் போகிறேன். அந்தக் குரலை அவர்கள் வகுப்பிலிருந்து எடுக்கிறவரை எனக்குச் சோறு இறங்காது.

ஒரு உதவி. குரலை அடையாளம் சொல்ல உன்னைத்தான் கூப்பிட்டார்கள். அதில் அந்த ஹாரன் எப்படி இருந்தது? விவரமாக எழுது.

வாலுக்கு என் முத்தம்.

உன் மாமா

❖

பிப்ரவரி 5

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், அதற்குள் வாலுக்கு ஜுரம். அதனால்தான் தாமதம். இப்போது இறங்கிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை.

டிஜிட்டல் தெர்மாமீட்டரை அவள் வாயில் வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வாயை மூடிக்கொண்டு சாமர்த்தியமாக உட்கார்ந்திருக்கிறாள். அது கத்தி ஓய்ந்து எவ்வளவு நேரமாயிற்றோ! இவளும் அவரைப் போலத்தான். யாராவது வந்து எடுக்கிறவரை அப்படியே வைத்துக்கொண்டிருப்பாள்.

கால் வீக்கம் பரவாயில்லை. கவுன்டரில் ஒரு உயரமான ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள்.

பின்னறையைத் திறந்தது பற்றி எழுதியிருந்தீர்கள். உங்களுக்குப் பொழுது போனால் சரி. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

தங்கள் மருமகள்

❖

பிப்ரவரி 18

அன்புள்ள மருமகளுக்கு,

வாலுக்கு ஜுரம் விட்டது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே நான் நலம். மாத்திரையும் நலம், டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. கோபப்படாதே, இன்றையதைப் போட்டுவிட்டேன்.

ஹாரன் பற்றிக் கேட்டிருந்தேனே, அந்த வரியை மட்டும் தபால்காரர் உருவிக்கொண்டாரா?

முதலில் ஓட்டியபோது எனக்கே சிரிப்பு வந்தது. வெயில், காற்றே இல்லை, சாலை மாதிரி நேரான வானம். ஒரு வாரத்தில் இறக்கிவிட்டேன். பஸ்ஸை ஷெட்டில் விடுவதுகூட இதைவிடக் கஷ்டம். இப்படிப்பட்ட பொம்மையில் ஓட்டிவிட்டு மனு எழுதினால் அதிகாரி என்னைத்தான் பொம்மை என்பார். அதனால் இதை நிஜமாக்குகிற வேலையில் இறங்கியிருக்கிறேன்.

இதற்கென்றே உலகம் முழுக்க ஒரு பைத்தியக்காரக் கூட்டம் இருக்கிறது. ஆட்-ஆன் என்று ஒட்டுச் சேர்க்கைகள் செய்து விற்கிறார்கள். அவன் ஓட்டிய அதே பழைய சரக்கு விமானத்தை ஒருவன் நிஜ விமானத்தின் மேல் ஏறி ஒவ்வொரு ஆணியையும் படம்பிடித்துச் செய்திருக்கிறான். அதை வாங்கிப் போட்டேன். உள்ளே அந்தப் பூச்சு உரிந்த கருவிப் பலகைகூட அப்படியே இருக்கிறது. கூடவே கால் பெடல் வந்திருக்கிறது. எந்த ஊரின் எந்த நாள் வானிலையையும் கொண்டுவந்து கொடுக்கும் ஒரு சேர்க்கை வந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது ஒரு கறுப்பு டப்பா. நாற்காலிக்கு அடியில் திருகி வைத்தால், எஞ்சின் உறுமுவது முதுகுத்தண்டு வழியாக ஏறுகிறது. என்னை மாதிரி செவிட்டுப் பயலை நினைத்தே செய்திருப்பான் போல. பிள்ளையின் இரண்டு ஸ்பீக்கரையும் முழுச் சத்தத்தில் வைத்திருக்கிறேன்.

கண்டக்டரை நினைவிருக்கிறதா? என்னோடு இருபது வருஷம் ஓடியவன், உன் கல்யாணத்தில் எல்லோருக்கும் முன்னால் தூங்கிப்போனவன். முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு மகள் வீட்டில் படுத்திருக்கிறான். விஷயத்தைக் கேள்விப்பட்டு, "டிக்கெட் குடுத்தாத்தான் உன் பிளேன்ல ஏறுவேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

ஹாரன் பற்றி எழுது. மறக்காதே.

உன் மாமா

❖

மார்ச் 30

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீண்ட நாள் எழுதாமல் விட்டதற்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மருத்துவமனையில் இருவர் வேலையை விட்டுவிட்டதால் எனக்கு இரண்டு ஷிப்ட். வீட்டுக்கு வந்தால் வாலோடு மல்லுக்கட்டவே நேரம் போதவில்லை.

அவள் டீச்சர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். "புத்திசாலிக் குழந்தைதான், ஆனா வகுப்புல கவனம் இல்லைங்க. கரும்பலகைப் பக்கம் திரும்பி நான் பேசினா இவ வேற உலகத்துல இருக்கா" என்றார். வீட்டுக்கு வந்து நான் அவளைத் திட்டினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏன் திட்டினேன் என்று இருந்தது.

மாமா, ஒன்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது. நடந்தது நடந்துவிட்டது. மனு போட்டால் மறுபடி எல்லாவற்றையும் கிளறுவார்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அது போதாதா? அந்த அறையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து எங்களோடு இருங்களேன். வாலும் கேட்கிறாள்.

தங்கள் மருமகள்

❖

ஏப்ரல் 9

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம், ரொம்ப நலம். உன்னையும் வாலையும் அப்படியே ஆக்கப்போகிற செய்தி இது. டீச்சர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. குழந்தை என்றால் வேடிக்கை பார்க்கத்தான் செய்யும்.

உட்கார்ந்து படி. அவன் இறங்கப் போன விமானதளத்தை ஒரு பெண் வீடு வீடாக, மரம் மரமாக வரைந்து வெளியிட்டிருக்கிறாள். நல்ல காலம், அதையும் சேர்த்துவிட்டேன். அந்த நாள் வானிலையையும் கொண்டுவந்தேன். பின்னாலிருந்து தள்ளும் காற்று, தாழ்ந்த மேகம். ஓடுபாதைக்குத் திரும்பும் கடைசி வளைவில் காற்று வண்டியை அப்பால் தள்ளுகிறது. இன்னும் இறுக்கித் திருப்பச் சொல்கிறது கை. இறுக்கினால் வேகம் குறைகிறது. பஸ் வேகம் குறைந்தால் நிற்கும். விமானம் வேகம் குறைந்தால் விழும். அப்படி விழப் போகும்முன் எச்சரிக்கத்தான் இறக்கையில் அந்த ஹாரன். அது கத்தினால் கையை விட்டு மூக்கைத் தாழ்த்த வேண்டும். பாடப் புத்தகத்தையே கரைத்துக் குடித்துவிட்டேன்.

ஓட்டினேன். அவன் விழுந்த அதே இடத்தில், அறிக்கையில் சொன்ன அந்தக் கிடங்கின் கூரைக்கு இந்தப் பக்கம் விழுந்தேன். மறுபடி ஓட்டினேன், மறுபடி அங்கேயே. எத்தனை தரம் ஓட்டினாலும் அங்கேயே. ஒரு தரம்கூட, மருமகளே, ஒரு தரம்கூட ஹாரன் அடிக்கவில்லை!

புரிகிறதா? ஆணி ஆணியாகப் பார்த்துச் செய்த விமானம். அதிலேயே அந்த வளைவில் ஹாரன் அடிக்காது என்றால் நிஜத்தில் மட்டும் எப்படி அடித்திருக்கும்? ஒலிப்பதிவில் கேட்டது வேறு ஏதோ சத்தம். ரேடியோ இரைச்சலாக இருக்கும். ஹாரன் என்றால் எனக்குத் தெரியாதா? ஆயுசில் பாதி நாள் ஹாரன் மேல் கை வைத்தவன் நான். அந்த விமானச் சேர்க்கையைச் செய்தவனுக்கும் எழுதிக் கேட்டேன். "ஹாரன் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது" என்று ஒரு வரி பதில் போட்டான். தன் சரக்கை எவன் குறை சொல்வான்?

இன்னொரு வேடிக்கை. மாடி வீட்டம்மா இறங்கி வந்து, ஒரு காகிதத்தில் "உங்க வீட்ல சாயங்காலமானா ஏதோ ஙீன்னு கத்துது, தலை வலிக்குது" என்று எழுதிக் காட்டினாள். தண்ணீர் மோட்டாராக இருக்கும் என்றேன். முறைத்துவிட்டுப் போனாள்.

மனுவை எழுத ஆரம்பித்துவிட்டேன். அதிகாரியையே பின்னறைக்குக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைக்கிறேன் பார்.

உன் மாமா

❖

ஏப்ரல் 14

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது. கவுன்டரில் ஆட்கள் நிற்க நிற்க, ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நலம் விசாரிக்காமல் ஆரம்பிப்பதற்கு மன்னியுங்கள்.

மனுவை அனுப்பாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அதிகாரியைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள்.

ஹாரன் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். அது பஸ் ஹாரன் மாதிரி இல்லை மாமா. மெல்லிய, கூரான சத்தம். எங்கள் வீட்டுத் தெர்மாமீட்டர் கத்துவது போல, ஆனால் விடாமல். அதற்கு நடுவில் அவர் குரல் அமைதியாக வருகிறது. "சரக்கு இறக்க மூணாவது இடமா, நாலாவதா?" என்று கேட்கிறார். அவ்வளவுதான்.

எழுதுவதற்கு முன்னால் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள்.

தங்கள் மருமகள்

❖

ஏப்ரல் 22

மருமகளுக்கு,

நலம். நலம் என்று நம்புகிறேன்.

மூன்று மாதம் கேட்டும் சொல்லாதவள், அனுப்பாதே என்பதற்கு மட்டும் பறந்து வந்து எழுதுகிறாய். பக்கத்தில் யாரை உட்கார வைக்கச் சொல்கிறாய்? எனக்கென்ன கண் தெரியவில்லையா, கை நடுங்குகிறதா?

நேராகவே கேட்கிறேன். நீயும் அவனைக் கவனக்குறைவானவன் என்றுதான் நினைக்கிறாயா? அந்தச் சத்தம் ஹாரன்தான் என்று நீயும் அவர்களோடு சேர்ந்து தலையாட்டிவிட்டு வந்தாயா? அவன் உயிரோடு இருந்தவரை வாய்க்கு வாய் 'அவர், அவர்' என்றாயே. இன்று அவனுக்காகப் பேச ஒரு செவிட்டுக் கிழவன்தான் மிச்சம்.

கடுமையாக எழுதிவிட்டேன். கிழிக்க மனசு வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

மாமா

❖

ஜூன் 10

அன்புள்ள என் மருமகளுக்கு,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அந்தக் கடிதத்துக்கு யார்தான் பதில் போடுவார்கள்? நீ நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். நலமா, அம்மா? வாலு நலமா?

போன வாரம் கண்டக்டர் வந்தான். கையில் கம்பு, முகத்தில் அதே திருட்டுச் சிரிப்பு. பின்னறைக்குக் கூட்டிப் போனேன். நாற்காலிக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். பஸ்ஸில் எங்கே நிற்பானோ அதே இடம். "ரைட், போகலாம்" என்றான். நான் அவனுக்கு என் வீரத்தைக் காட்ட, எல்லாச் சேர்க்கையும் போட்டு அந்த நாளையே கொண்டுவந்தேன். மேகம், காற்று, அந்த வளைவு. இறுக்கித் திருப்பினேன்.

நாற்காலி முதுகில் ஓங்கி ஒரு தட்டு விழுந்தது.

யோசிக்கவில்லை. அந்தத் தட்டு எனக்கு எத்தனை வருஷப் பழக்கம்! கை தானாகத் தளர்ந்தது. மூக்கு இறங்கியது, வேகம் வந்தது. ஓடுபாதை ஒரு பக்கமாக வந்து, குதித்து, இழுத்து, எப்படியோ நின்றது. அந்த வானிலையில் முதல் தடவையாக விமானம் முழுசாகத் தரையில் நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பினேன். கண்டக்டர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏன்டா தட்டின?" என்றேன்.

அவன் என் முகத்துக்கு நேராக வந்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னான். "என்னப்பா இது, அந்தக் கத்து கத்துது, நீ பாட்டுக்குத் திருப்பிக்கிட்டே இருக்க?"

"எது கத்துது?"

"ஹாரன்!"

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை போட்டேன். மறுபடி ஓட்டினேன். அவன் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று, சத்தம் ஆரம்பித்ததும் கையைத் தூக்கினான். நான் விழுந்து நொறுங்கும்வரை அவன் கை இறங்கவேயில்லை. ஸ்பீக்கர் மேல் என் காதையே வைத்தேன். எஞ்சின் உறுமல் மட்டும்தான். மாடி வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இதைத்தானே மாசக்கணக்கா சொல்றேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் கண்டக்டர் சொன்னான்.

"நான் எப்போலேர்ந்து விசில் ஊதுறத விட்டேன்னு நினைக்கிற? நாம ஓட ஆரம்பிச்ச மூணாவது வருஷம். ஊதுறேன், ஊதுறேன், நீ நிறுத்தவே மாட்ட. ஒரு பொம்பள இறங்கறதுக்குள்ள வண்டிய எடுத்துட்ட. அன்னிக்குத்தான் உன் முதுகுப்பக்கம் இருக்கிற தகரத்தைத் தட்ட ஆரம்பிச்சேன். ஒரு தட்டுன்னா நிறுத்து. ரெண்டு தட்டுன்னா போ. விசில் தொலைஞ்சுபோச்சுன்னு உன்கிட்ட சொன்னேன். நீயும் நம்பிட்ட."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா? மறுநாளே உன்ன வண்டிய விட்டு இறக்கியிருப்பாங்க. வீட்ல கைக்குழந்தை."

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் எஞ்சின் எப்படிக் காதைத் தின்றிருக்கும்? என் அப்பாவை ஊரே முசுடு என்று சொல்லும். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஒருவர்கூட அவர் காதைச் சந்தேகப்படவில்லை, நானும்தான். இது எஞ்சின் கொடுத்தது இல்லை, அம்மா. நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தது.

உன் கடிதங்களை எடுத்து வைத்து மறுபடி படித்தேன். "இவளும் அவரைப் போலத்தான்" என்று எழுதியிருந்தாய். உனக்கு எப்போது தெரியும், எப்படி அவன் மருத்துவப் பரிசோதனைகளில் தப்பினான், நான் எதையும் கேட்கப் போவதில்லை. பேச்சுக் குரல் எனக்கும் அந்த வயதில் நன்றாகத்தான் கேட்டது. முதுகுக்குப் பின்னால் நின்று டாக்டர் பேசியிருப்பார், இவன் திருப்பிச் சொல்லியிருப்பான். கண்டக்டர் எனக்குச் செய்ததை நீ வீட்டில் அவனுக்குச் செய்துகொண்டிருந்தாய், அவ்வளவுதான். எனக்குப் பின்னால் ஒருவன் நின்றான். அவனுக்குப் பின்னால் சரக்குப் பெட்டிகள்தான் இருந்தன.

மனுவைக் கிழித்துவிட்டேன். உண்மையை வைத்து வேறொன்று எழுதினால், கவனக்குறைவு என்ற பெயர் போகும். மறைத்தான் என்ற பெயர் வரும். உன்னையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். எழுதுவதா வேண்டாமா என்பதை நீ சொல். நீ வேண்டாம் என்றால் இந்தக் கிழவன் வாயைத் திறக்க மாட்டான்.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் விட முடியாது. வாலின் காதைக் காட்டு. டீச்சர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று எழுதிய முட்டாள் நான்தான். உடனே காட்டு.

ஏப்ரலில் எழுதியதற்கு மன்னித்துவிடு.

உன் மாமா

❖

ஜூலை 1

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் அன்று கோபப்பட்டது எனக்கு ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. கோபமாக இருக்கிறவரை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம்.

போன வியாழக்கிழமை வாலைக் கூட்டிப் போனேன். நான் வேலை செய்யும் மருத்துவமனைதான். மருந்து கவுன்டரிலிருந்து காது டாக்டர் அறை தெரியும். இத்தனை நாளும் தெரிந்துகொண்டேதான் இருந்தது. கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்து ஹெட்செட் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். முதலில் குஷியாகத் தூக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள். விளையாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாளாம். சத்தம் வந்துகொண்டேதான் இருந்தது, மாமா.

கூரான சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டன. மீதியும் மெல்ல மெல்லக் குறையும் என்கிறார். கருவி வைக்கலாம், போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. "குடும்பத்துல யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். "தாத்தாவுக்கு, அவரோட அப்பாவுக்கு" என்றேன். பேனா நின்றது. பிறகு, "இவ அப்பாவுக்கும்" என்றேன். வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் எழுதிக்கொண்டார்.

கண்டக்டர் ஐயாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். தட்டிக்கொண்டே இருந்த அத்தனை வருஷமும் அவருக்குத் தூக்கம் வந்ததா? எனக்கு வந்ததில்லை.

மனுவை எழுதி அனுப்புங்கள், உண்மையை வைத்தே. என்னைக் கூப்பிட்டால் போய்ச் சொல்கிறேன். அந்த ஒலிப்பதிவை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டாம். வகுப்பில் அவர் குரலைப் போடட்டும். அவருக்கு அது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போடட்டும். அப்புறம் எவன் சிரிக்கிறான் என்று பார்க்கலாம்.

தங்கள் மருமகள்

❖

ஜூலை 14

அன்புள்ள மருமகளுக்கு,

நான் இருக்கிறேன். நீயும் இரு. சாப்பிடு, தூங்கு. வாலை என் பங்குக்கும் சேர்த்துக் கட்டிக்கொள்.

மனு நேற்றுப் போய்விட்டது. ஒரே பக்கம்தான். காற்று, வேகம், வளைவு எதையும் எழுதவில்லை. "என் மகன் கவனக்குறைவானவன் அல்ல, அவனுக்குக் கேட்கவில்லை. எனக்கும் கேட்காது. அவனுக்குக் கேட்காது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏறினான், அது தவறு. அந்தத் தவறை அவன் பெயரில் எழுதுங்கள், மற்றதை அழித்துவிடுங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்ன செய்வார்களோ தெரியாது. ஒன்றும் செய்யாமலும் போகலாம்.

கண்டக்டரிடம் உன் கேள்வியைக் கேட்டேன். அவன் ரொம்ப நேரம் கம்பைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "உங்க அப்பனுக்கு வார லீவு என்னிக்கோ, அன்னிக்கு ராத்திரி மட்டும் தூங்குவேன்னு அந்தப் பொண்ணுக்கு எழுது" என்றான். அவனுக்கு நீ என் மகள் மாதிரிதான். நானும் திருத்தவில்லை.

பின்னறையில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். பெடல், கைப்பிடி, ஸ்பீக்கர். மாடி வீட்டம்மா நன்றாகத் தூங்குகிறாள். நாற்காலியடியில் திருகிய அந்தக் கறுப்பு டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டேன், பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் மாதம் அவன் போன தேதிக்கு முன்னால் அங்கே வந்துவிடுகிறேன். அன்று நீங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்க வேண்டாம்.

அதுவரைக்கும் ஒரு விஷயம். கருவி வந்தாலும் வராவிட்டாலும், வாலை முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடாதே. திரும்பவில்லை என்று திட்டாதே. டீச்சரிடமும் சொல்லிவை. மேஜையோ, கதவோ, சுவரோ, கைக்கு எது கிடைக்கிறதோ அதைத் தட்டு. ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போகலாம், இதை மட்டும் அவளுக்குக் கற்றுக்கொடு. கூப்பிட்டால் எங்களுக்குக் கேட்காது, அம்மா. தட்டினால் நாங்கள் திரும்பிவிடுவோம்.

உன் மாமா